தூரம் காட்டும் பைனாகுலர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துப் பழுது பார்க்கும் வழிமுறை

நியூசிலாந்தின் தென்தீவில் மே, ஜூன் மாதங்கள் தார் ஆட்டு வேட்டைக்காலம். கிடாக்கள் பிடரி மயிர் முழுதாக வளர்ந்து பாறை விளிம்பில் நிற்கும் நாட்கள் அவை. அதற்குச் சற்று முன்னால், லேசர் தூரமானி உள்ளடங்கிய பைனாகுலர்களைத் தூக்கிக்கொண்டு நண்பர்கள் என்னிடம் வருவார்கள்: "அண்ணா, இது போயிடுச்சு போல." பெரும்பாலும் போயிருக்காது. பேட்டரியோ, ஒரு அமைப்போ, லென்ஸில் காய்ந்த சேறோதான் காரணமாக இருக்கும். திரும்பத் திரும்ப ஒரே சிக்கல்களைச் சரிசெய்து கொடுத்ததில் உருவான வரிசை இது.

(நீலகிரி வரையாட்டைப் பார்த்தவர்களுக்குத் தார் ஆட்டின் உருவம் அவ்வளவு புதிதாக இருக்காது. வரையாடு அங்கே சட்டம் காக்கும் விலங்கு. இமயமலையைச் சேர்ந்த தார் ஆடு 1904-இல் இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. கொன்று தின்ன வேறு விலங்கு இல்லாததால் பெருகி, மலையுச்சிச் செடிகளை மேய்ந்து அழிக்கிறது. அதனால் இங்கே அதை வேட்டையாடச் சொல்கிறார்கள். இந்தியாவில் படிப்பவர்கள் இதைச் சுடுதளத்துக்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைக்குத் தடை.)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணே காட்டாத கருவி தொல்லைதான், ஆபத்து இல்லை. நீங்கள் இன்னும் கிட்டே நடப்பீர்கள், அல்லது வீட்டுக்குத் திரும்புவீர்கள். தவறான எண்ணைத் தயங்காமல் காட்டும் கருவிதான் காயம்பட்ட ஆட்டைச் செங்குத்துப் பாறையில் விட்டுவரச் செய்யும். அதனால் கீழே மூன்றாவது அறிகுறிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## அறிகுறி 1: பொத்தானை அழுத்தினால் உயிரே இல்லை

பேட்டரியில் தொடங்குங்கள். பெரும்பாலான மாடல்களில் இருப்பது 3 வோல்ட் சி.ஆர்.2 லித்தியம் பேட்டரி. மேசை இழுப்பறையில் கிடந்ததைப் போடாதீர்கள். உறை பிரிக்காத புதியதைப் போடுங்கள். கூட்டல் முனை எந்தப் பக்கம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மூடியிலோ உள்சுவரிலோ படம் இருக்கும். மூடியின் மரை ஒரு சுற்றுக் குறைவாக இறுகியிருந்தாலும் மின்தொடர்பு வராது.

புதிய பேட்டரி போட்டும் வரவில்லை என்றால் தொடுமுனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். உப்புத்தாளோ கத்தி முனையோ வேண்டாம். முலாம் உரிந்தால் அடுத்த மழைக்கே துருப்பிடிக்கும்.

ரீசார்ஜ் பேட்டரி போட்டிருந்தால் அதைக் கழற்றுங்கள். 3.7 வோல்ட் என்று எழுதிய லித்தியம் அயான் பேட்டரி முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும். கையேடு அனுமதிக்காவிட்டால் 3 வோல்ட் கருவிக்கு அது ஏற்றதல்ல. அனுமதித்தாலும் திரையில் காட்டும் பேட்டரி அளவை நம்ப முடியாது. முழுதாக இருப்பதுபோலக் காட்டிவிட்டுச் சட்டென்று அணையும்.

வீட்டில் வேலை செய்து, மலையில் செத்துப்போனால் குளிர்தான் காரணம். குறிவட்டம் (குறிபார்க்கத் திரையில் தெரியும் வட்டம்) எரிந்து, அளக்கும் நொடியில் அணைவதும் இதே கதை. குறிவட்டத்துக்கு மின்சாரம் கொஞ்சம் போதும், லேசர் துடிப்புக்கு ஒரே இழுப்பாக நிறைய வேண்டும். பேட்டரியைக் கழற்றிச் சட்டையின் உள்பையில் பத்து நிமிடம் வைத்துத் திரும்பப் போடுங்கள். வேலை செய்தால் கருவியில் குறையில்லை. மாற்றுப் பேட்டரி எப்போதும் உடம்புச் சூட்டில் இருக்கட்டும், பைக்கட்டின் வெளிப்பையில் வேண்டாம்.

புதிய பேட்டரி, சுத்தமான முனை, அறைச் சூடு மூன்றும் இருந்தும் அசைவில்லை என்றால் சர்வீசுக்குத்தான்.

## அறிகுறி 2: குறிவட்டம் தெரிகிறது, எண்ணுக்குப் பதில் கோடுகள் மட்டும்

ஆட்டை விட்டுவிட்டு, 200 மீட்டரில் ஒரு பெரிய பாறையையோ கட்டடச் சுவரையோ அளந்து பாருங்கள். இந்த ஒரு சோதனையிலேயே வழி இரண்டாகப் பிரிந்துவிடும்.

பாறைக்கு எண் வருகிறது என்றால் கருவி நலம். இலக்கோ காற்றோதான் சிக்கல். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட தூரம், ஒளியை அப்படியே திருப்பும் பளபளப்பான பலகைக்கானது. கையேட்டின் உள்ளே மான் அளவு விலங்குக்கு வேறொரு எண், அதைவிட மிகச் சிறியது, இருக்கும். அதுதான் உங்களுக்கு. அதுவும் குளிர்காலக் கிடாவின் மயிர் கரும்பழுப்பு. வந்த ஒளியில் பாதியைத் திருப்பித் தராது. நண்பகல் வெயில் பனிமேல் அடிக்கும்போது பின்னணி வெளிச்சத்தில் கருவியின் உணரி திணறும். அதே ஆட்டை அதே இடத்தில் மாலை நிழலில் அளந்தால் எண் வரும். காத்திருக்க முடியாவிட்டால் ஆட்டின் காலடிப் பாறையை அளங்கள். கைநடுக்கமும் இதில் பாதிக் காரணம் என்பதால் ட்ரைபாடில் வைத்து இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூடுபனியில் எதுவும் செய்ய முடியாது. பொத்தானை அழுத்திப் பேட்டரியைத் தீர்க்காமல் தேநீர் போடுங்கள்.

பாறைக்கும் வரவில்லை என்றால் லென்ஸ். பல மாடல்களில் லேசர் ஒரு குழாய் வழியாகப் போய், இன்னொரு குழாய் வழியாகத் திரும்புகிறது. சிலவற்றில் இரண்டுக்கும் நடுவே தனிச் சிறு கண் இருக்கும். அதை யாரும் துடைப்பதே இல்லை. சன்ஸ்கிரீன் பட்ட விரல்தடம், காய்ந்த சேறு, பனித்துளி எல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலே போதும், திரும்பி வரும் ஒளியை விழுங்கிவிடும். முதலில் ஊதி மண் துகளை அகற்றி, பிறகு லென்ஸ் துணியால் துடையுங்கள். நெஞ்சுப்பட்டையின் மடிப்போ லென்ஸ் மூடியோ ஒரு குழாயின் குறுக்கே தொங்குகிறதா என்றும் பாருங்கள். வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகச் சோதிப்பவர்களும் உண்டு. அது சோதனையே ஆகாது.

துடைத்தும் 200 மீட்டர் பாறைக்கு எண் வராவிட்டால் லேசரோ உணரியோ போயிருக்கிறது. வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. லேசர் வருகிறதா என்று இன்னொரு பைனாகுலர் வழியாக அதன் வாய்க்குள் பார்க்கும் விபரீதம் மட்டும் வேண்டாம்.

## அறிகுறி 3: எண் வருகிறது, ஆனால் தவறாக வருகிறது

எப்படித் தவறு என்பதைப் பொறுத்து ஐந்து கிளைகள்.

எப்போதும் ஒரே விகிதத்தில் கூடுதலாக. கருவி கெஜத்தில் காட்டுகிறது, நீங்கள் மீட்டரில் படிக்கிறீர்கள். அமெரிக்கச் சந்தைக்கான கருவிகள் கெஜத்தில்தான் வரும். சில பேட்டரி மாற்றினால் பழையபடி கெஜத்துக்கே திரும்பிவிடும். திரையில் 500 என்றால் உண்மையில் 457 மீட்டர். வழக்கமான மான் வேட்டை ரைஃபிளில் அந்த 43 மீட்டருக்குக் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் மேலே போகும். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய எழுத்தைப் பார்த்தால் போதும்.

சமதளத்தில் சரி, சரிவில் மட்டும் குறைவாக. சரிவுத் திருத்தம் போட்ட தூரத்தைக் கருவி காட்டுகிறது. 30 பாகைச் சரிவில் 500 மீட்டர் என்பதை 433 என்று காட்டுவது பிழையில்லை. புவியீர்ப்புக் கணக்குக்கு ஏறக்குறைய அந்தத் தூரம்தான் வேண்டும். ஆனால் அந்த 433-ஐ எடுத்து, சரிவையும் தனியாகக் கேட்கும் குண்டுப்பாதைக் கணக்குச் செயலியில் போட்டால் திருத்தம் இரண்டு முறை நடந்து, 375 மீட்டருக்கான ஏற்றம் (குண்டு கீழிறங்குவதை ஈடுகட்டக் குறியை உயர்த்தும் அளவு) கிடைக்கும். குண்டு கீழே போய் விழும். இரண்டில் ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் இருக்கட்டும். என் விருப்பம்: கருவியில் நேர்கோட்டுத் தூரம், செயலியில் சரிவு. எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற குழப்பம் அதில் குறைவு.

சில சமயம் மட்டும் குறைவாக. லேசர் முன்னால் இருக்கும் புல்லையோ புதரையோ மழைத்துளியையோ தொட்டுத் திரும்புகிறது. தென்தீவின் உயரப் புல்வெளிகளில் படுத்துக்கொண்டு அளந்தால் இது கட்டாயம் நடக்கும். பட்டியலில் கடைசி இலக்கு, தூர இலக்கு என்று இருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன், எழுந்து உட்காருங்கள். அது செலவில்லாத வழி.

சில சமயம் மட்டும் அதிகமாக. இதுதான் கொடியது. லேசர் ஆட்டைத் தவறவிட்டு, பின்னால் இருக்கும் மலைச்சரிவைத் தொட்டுத் திரும்புகிறது. குறிவட்டம் ஆட்டின் நெஞ்சில் நிற்பதால் நமக்குச் சந்தேகமே வராது. ஆனால் குறிவட்டம் வேறு, லேசர் வேறு. குறிவட்டம் திரையில் வரையப்பட்ட அடையாளம் மட்டுமே. லேசர் அதன் நடுவே போக வேண்டும் என்றுதான் தொழிற்சாலையில் அமைக்கிறார்கள். போகிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

### லேசர் உண்மையில் எங்கே போகிறது: கம்பச் சோதனை

ஒரு மாலை நேரம் போதும். 200 மீட்டர் அளவில் தனியாக நிற்கும் ஒரு கம்பமோ சாலைப் பலகையோ வேண்டும். அதன் பின்னால் நல்ல இடைவெளி இருக்க வேண்டும்: வானம், அல்லது பல நூறு மீட்டர் தள்ளி ஒரு மலை. பைனாகுலரை ட்ரைபாடில் பூட்டித் தொடர் அளவீட்டில் போடுங்கள்.

குறிவட்டத்தைக் கம்பத்துக்கு இடப்பக்கம் வைத்துக்கொண்டு, மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். எண் 200-க்கு மாறும் கணத்தில் நின்று, கம்பம் குறிவட்டத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தொடர்ந்து நகர்த்துங்கள், எண் மறையும் இடத்தையும் குறியுங்கள். இந்த இரண்டின் நடுப்புள்ளிதான் லேசரின் நடு. பலகையின் மேல்விளிம்பை வைத்து மேலிருந்து கீழாகவும், கீழ்விளிம்பை வைத்துக் கீழிருந்து மேலாகவும் இதையே செய்யுங்கள். குறிவட்டத்தை ஒரு அட்டையில் வரைந்து, லேசர் விழும் பரப்பைப் பேனாவால் நிழலிட்டு, கருவியின் பையில் போட்டு வையுங்கள்.

இதில் இரண்டு விஷயம் தெரியவரும். முதலாவது, லேசர் ஒரு புள்ளியே அல்ல. கையேட்டில் கற்றை விரிவு 1.5-க்கு 0.5 மில்லிரேடியன் (கோண அலகு) என்று இருந்தால், 600 மீட்டரில் அது 90 செ.மீ.க்கு 30 செ.மீ. பரப்பு. நீளவாக்கு மேல்கீழாக அமைந்திருந்தால் ஒளியில் ஒரு பங்கு ஆட்டின் முதுகுக்கு மேலேயும் வயிற்றுக்குக் கீழேயும் வழிந்து போகும். நீளவாக்கு குறுக்காக அமைந்தால், ஆட்டுக்கு முன்னும் பின்னும் நிற்கும் பாறைகளும் கணக்கில் சேரும்.

இரண்டாவது, நடு விலகியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விலகியிருந்தால் சிக்கல் பெரிதில்லை. சில மாடல்களில் குறிவட்டத்தைப் பட்டியல் வழியாக நகர்த்திப் பொருத்தலாம். முடியாத மாடலில் அட்டையைப் பார்த்து, லேசர் விழும் பகுதியை ஆட்டின்மேல் வைத்து அளக்கப் பழகுங்கள். ஒவ்வொரு சோதனையிலும் வேறிடத்தில் விலகினால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. கீழே விழுந்த கருவியில் இதைப் பார்க்கலாம். அதை வைத்துச் சுடக் கூடாது, அனுப்பிவிடுங்கள்.

அட்டை இருந்தாலும் மலையில் ஒரே அளவீட்டை நம்பாதீர்கள். ஆட்டை ஒரு முறை, காலடிப் பாறையை ஒரு முறை, அதே மட்டத்தில் பக்கத்துப் பாறையை ஒரு முறை. மூன்றும் சில மீட்டருக்குள் நெருங்கி வந்தால் சரி. ஒன்று மட்டும் 80 மீட்டர் தள்ளி நின்றால் மறுபடி தொடங்குங்கள்.

ஐந்தாவது கிளை: எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு, பத்து மீட்டர் என்று வையுங்கள், கூடவோ குறையவோ காட்டுகிறதா? அளந்து கட்டிய சுடுதளத்தில் 100, 300, 500 பலகைகளை அளந்து உறுதி செய்யுங்கள். கைபேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் முன்பின் காட்டும் என்பதால் அதை வைத்துக் கருவிமேல் குற்றம் சாட்ட முடியாது. சுடுதளத்திலும் அதே விலகல் என்றால் சர்வீஸ்.

## அறிகுறி 4: தூரம் சரி, குண்டு வேறெங்கோ போகிறது

பைனாகுலரைத் தொடாதீர்கள். முதலில் 100 மீட்டரில் ரைஃபிளின் நேர்நிலையை, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படுகிறதா என்று, சுட்டுப் பாருங்கள். தொலைநோக்கி வளையத் திருகு தளர்ந்திருப்பது பலரும் ஒத்துக்கொள்ள விரும்பாத, ஆனால் அடிக்கடி கிடைக்கும் காரணம்.

நேர்நிலை சரியென்றால், கருவி தரும் ஏற்றக் கணக்கைப் பாருங்கள். ஏற்றத்தைக் கருவி மில்லில் (மில்லிரேடியன்) சொல்ல, உங்கள் தொலைநோக்கிக் குமிழ் எம்.ஓ.ஏ. என்ற இன்னொரு கோண அலகில் இருந்தால் ஒரு மில்லுக்கு 3.44 எம்.ஓ.ஏ. என்ற வித்தியாசம். இது பெரிய தவறு என்பதால் முதல் குண்டிலேயே தெரிந்துவிடும். தெரியாமல் தின்னும் தவறுகள் வேறு.

அதில் தலையாயது காற்றழுத்தம். வானிலைச் செயலி சொல்லும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றியது. மலையில் நின்றாலும் 1013 என்றுதான் சொல்லும். 1500 மீட்டர் உயரத்தில் உங்களைச் சுற்றி உண்மையில் இருப்பது 845 ஹெக்டாபாஸ்கல் அளவுதான். கடல்மட்ட எண்ணைப் போட்டால், காற்று அடர்த்தியானது என்று எண்ணிச் செயலி கூடுதல் ஏற்றம் தரும். குண்டு மேலே போகும். நிற்கும் இடத்து அழுத்தத்தைத்தான் போட வேண்டும். கருவியிலேயே அழுத்த உணரி இருந்தால் அதன் போக்கில் விட்டுவிடுங்கள், கையால் எதையும் நிரப்ப வேண்டாம்.

வெப்பநிலை உணரியோ நேர் எதிர்: கருவியிலேயே இருப்பதால்தான் ஏமாற்றும். மேற்சட்டைக்குள் கிடந்த பைனாகுலர் வெளியே உறைகுளிராக இருந்தாலும் 20 பாகை என்று சொல்லும். கொஞ்ச நேரம் நிழலில் வெளியே தொங்கவிட்டுவிட்டு நம்புங்கள்.

காற்றுத் திருத்தம் மட்டும் புரண்டு வருகிறதா? சுடும் திசையைக் கருவிக்குச் சொல்லும் திசைகாட்டியைச் சந்தேகியுங்கள். இப்போது வரும் நெஞ்சுப்பைகள் பலவற்றின் மூடியில் காந்தம் இருக்கிறது. நாள் முழுக்கக் காந்தத்தோடு ஒட்டிக் கிடந்த கருவி வடக்கை எங்கே காட்டும் என்று சொல்லத் தேவையில்லை. வண்டியையும் ரைஃபிளையும் விட்டுத் தள்ளி நின்று, கையேட்டில் சொன்னபடி எட்டு வடிவில் சுழற்றித் திசைகாட்டியைச் சீராக்குங்கள். பையில் காந்தம் உண்டென்றால் மலையேறிய பிறகு ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டியிருக்கும். மரையோ கொக்கியோ வைத்த பை வாங்குவது மேல்.

இத்தனைக்கும் பிறகு, தூரம் கூடக் கூடப் பிசகும் சீராகக் கூடினால், குண்டின் வேகத்தைப் பெட்டியிலிருந்து படித்துப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் குழலில் குரோனோகிராஃப் (குண்டின் வேகமானி) வைத்து அளந்ததைப் போடுங்கள். இந்த அறிகுறிக்காகப் பைனாகுலரை சர்வீசுக்கு அனுப்ப வேண்டிய நிலை அரிது. துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் போவதுதான் பெரும்பாலும் முடிவாக இருக்கும்.

## அறிகுறி 5: காட்சி மங்கல், இரட்டை, கண்வலி

மலை தெளிவு, எண் மங்கல். டயாப்டர் வளையம், அதாவது ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாகக் கூர்மையைச் சரிசெய்யும் வளையம். எண் தெரியும் பக்கத்தின் டயாப்டரை எண் கூர்மையாகும் வரை திருப்பி, பிறகு நடுச் சக்கரத்தால் காட்சியைக் கூர்மையாக்கி, கடைசியாக மறு கண்ணின் டயாப்டர். வரிசை மாறினால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடும். நண்பரிடம் கொடுத்து வாங்கியதும் முதலில் இதைப் பாருங்கள்.

வெளிப்பக்கம் புகை படிந்தால் மூச்சுக்காற்று, போய்விடும். உள்ளே புகை படிந்தால் நிரப்பிய நைட்ரஜன் வெளியேறி ஈரம் புகுந்துவிட்டது. அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியம் இதற்குச் செல்லாது. சர்வீஸ்.

படம் இரண்டாகத் தெரிந்தாலோ, ஐந்து நிமிடத்தில் தலைவலி வந்தாலோ கண் இடைவெளியை முதலில் சரியாக வையுங்கள். பிறகும் தொடர்ந்தால் குழாய்கள் இணைபிசகியிருக்கின்றன. திருகாணியைத் தேடாதீர்கள், இதுவும் சர்வீஸ்தான்.

## அறிகுறி 6: பைனாகுலரில் தெரிந்த ஆடு ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் கிடைக்கவில்லை

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும், மடங்கு கூடிய ஒற்றைக்குழல் தொலைநோக்கி. பத்து மடங்கிலிருந்து அறுபது மடங்குக்கு ஒரே தாவலாகத் தாவினால் கிடைக்காது. ஸ்கோப்பைக் குறைந்த மடங்கில் வைத்து, ஆட்டுக்குப் பக்கத்தில் பனித்திட்டு மாதிரி ஒரு அடையாளத்தைப் பிடித்து, பிறகு ஏற்றுங்கள். வெயில் ஏறியபின் கற்சரிவில் கானல் கொதித்தால் 25, 30 மடங்கோடு நில்லுங்கள். அதற்குமேல் பெரிதாகத் தெரியும், தெளிவாகத் தெரியாது.

தனித் தூரமானியை ஸ்கோப்பின் முதுகில் பூட்டியிருப்பவர்களுக்கு: இரண்டையும் குறைந்தது 800 மீட்டர் தள்ளி உள்ள ஒரு மின்கம்பத்தில் பொருத்துங்கள். 100 மீட்டரில் பொருத்தினால் இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள பத்து செ.மீ. உயர வித்தியாசமே கோணப் பிசகாகி, தூரத்தில் ஒரு மீட்டருக்கு நெருங்கிவிடும். பொருத்தியபின் மேலே சொன்ன கம்பச் சோதனையை ஒரு முறை செய்யுங்கள். பூட்டுத் திருகில் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், மலையேற்றத்தில் அது நகர்ந்ததா என்று பார்த்த உடனே தெரியும்.

காற்றில் ட்ரைபாட் ஆடினால் கால்களைக் குறுக்கி உட்கார்ந்து பாருங்கள். நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டால் பை தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் ஆடும் பை இன்னும் கெடுக்கும். ட்ரைபாட் சரியில்லை என்பதற்காக ரைஃபிள் தொலைநோக்கியை எடுத்து மலையைத் துழாவாதீர்கள். எதிரே இருப்பது மனிதராகவும் இருக்கலாம். இலக்கு எது என்று ஐயமறத் தெரிந்துகொள் என்பது இந்த நாட்டின் ஏழு துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் நான்காவது.

## அறிகுறி 7: புளூடூத் இணையவில்லை

ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் பேசும் கருவிகளே பெரும்பாலும். உங்கள் கைபேசி ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தால் காற்றுமானிக்கு இடமில்லை. கைபேசியின் புளூடூத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் செயலிக்கு இட அனுமதியும் பக்கத்துக் கருவி அனுமதியும் கொடுத்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் பழைய இணைப்பை அழித்துப் புதிதாக இணையுங்கள். ஃபர்ம்வேர் (கருவியின் உள்மென்பொருள்) புதுப்பிப்பு கடைசி. அதையும் புதிய பேட்டரியோடு வீட்டில் செய்யுங்கள். புதுப்பித்தபின் அலகும் ரைஃபிள் விவரமும் அழிந்திருக்கலாம், அறிகுறி 3-இன் முதல் கிளைக்குப் போய்ப் பாருங்கள்.

## சர்வீசுக்கு அனுப்பும்போது

பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் அவர்கள் மேசையில் அது வேலை செய்யும், அப்படியே திருப்பி அனுப்புவார்கள். எந்தத் தூரத்தில், எந்த இலக்கில், எந்த வெப்பத்தில் என்ன காட்டியது என்று எழுதி, கம்பச் சோதனை அட்டையின் படத்தையும் வையுங்கள். திருகு எதையும் நீங்கள் தொட்டிருக்கக் கூடாது. முத்திரை உடைந்தால் உத்தரவாதமும் போச்சு. இங்கிருந்து பல கருவிகள் கடல் கடந்துதான் பட்டறைக்குப் போகின்றன, திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வேட்டைக்காலம் முடிந்த கையோடு, ஜூலையிலேயே அனுப்பிவிடுங்கள்.